சூடான பகுதிக்கு எந்த பார்லி ரகம்? சீக்கர் மாவட்டத்துக்கு ஆலோசனை தேவை

செந்தில்_சீக்கர்

எல்லோருக்கும் வணக்கம். ராஜஸ்தானின் சீக்கர் மாவட்டத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேளாண் அலுவலராக வேலை பார்க்கிறேன். இங்கே மழைக்காலத்தில் கம்பும் கொத்தவரையும், குளிர்காலத்தில் கடுகு, கோதுமை, பார்லி. கிணற்றுத் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் உப்பாகி வருவதால் கோதுமையை விட்டு பார்லிக்கு வருகிறவர்கள் கூடுகிறார்கள். நவம்பர் விதைப்புக்கு விதை ஏற்பாடு செய்து கொடுப்பது என் பொறுப்பு.

சிக்கல் என்னவென்றால், பிப்ரவரி கடைசியிலேயே வெயில் ஏறிவிடுகிறது. 2022 மார்ச், நாட்டில் 1901 முதல் உள்ள பதிவுகளிலேயே மிக வெப்பமான மார்ச். அந்த வருஷம் மணி சுருங்கிப் போனதை இங்குள்ள உழவர்கள் இன்னும் பேசுகிறார்கள். விதைக் கடையில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு ரகத்தைச் சொல்லி "இதுதான் நல்லா விளையும்" என்கிறார்கள். ஆறு வரிசைக் கதிரா, இரண்டு வரிசைக் கதிரா என்பதிலேயே எனக்குக் குழப்பம். சூட்டைத் தாங்கி விளைச்சலும் தரக்கூடிய ரகத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேலு_தரவு

இதற்கு நேரான வழி ஒன்று உண்டு. கர்னாலில் உள்ள இந்தியக் கோதுமை மற்றும் பார்லி ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைக்கும் அகில இந்தியப் பரிசோதனைகளின் முடிவுகளை எடுங்கள். சீக்கர் வடமேற்குச் சமவெளி மண்டலத்தில் வருகிறது. ராஜஸ்தானில் கோட்டா, உதய்ப்பூர் கோட்டங்கள் மட்டும் மத்திய மண்டலம். உங்கள் மண்டலத்தில் பல ஊர், பல வருஷ சராசரியில் முன்னால் நிற்கும் ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிசாரில் உருவான பிஎச் 946 ஆறு வரிசை, தீவனத்துக்கு. விளைச்சலில் நன்றாக நிற்கிறது. அதையே வாங்கிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் வாய்ச்சொல்லைவிட எண்ணிக்கை மேல்.

பயிர்ப்பெருக்கன்

தம்பி செந்தில், வேலு சொல்வது நல்ல தொடக்கம். ஆனால் ரகத்தின் பெயரைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் ஊரில் கதிர் என்றைக்கு வெளியே வர வேண்டும் என்று முடிவு பண்ணுங்கள். சூடான பகுதியில் பார்லித் தேர்வின் உயிர்நாடி அந்தத் தேதிதான். வேலை செய்த காலமெல்லாம் தானியப் பயிர்களோடு இருந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பூத்த பிறகு மணி நிறைய, நாளின் சராசரி வெப்பம் 15 முதல் 18 டிகிரி இருந்தால் பயிருக்குச் சுகம். பகல் வெப்பம் 30-ஐத் தாண்டித் தொடர்ந்து நின்றால் இரண்டு கேடு சேர்ந்து வரும். ஒன்று, மணி நிறையும் நாட்களே குறைந்துவிடும். இரண்டு, சர்க்கரையை மாவுப்பொருளாக மாற்றும் நொதி சூட்டில் வேலையைத் தளர்த்திவிடும். இலையில் சத்து இருந்தாலும் மணிக்குள் போய் மாவாகப் படியாது. மேல்தோல் முழு அளவில் இருக்கும், உள்ளே நிறைவு இருக்காது. 2022-ல் உங்கள் உழவர்கள் பார்த்த சுருங்கிய மணி இதுதான்.

அப்படியானால் சீக்கிரம் பூக்கிற ரகத்தைப் போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. உங்கள் மாவட்டத்திலேயே ஃபதேபூர் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அங்கே வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போவது வருஷா வருஷம் செய்தியாக வரும். கதிர் பொதியில் இருக்கும்போதோ பூக்கும்போதோ உறைபனி விழுந்தால் மகரந்தம் மலடாகும், கதிரில் மணி பிடிக்காத வெற்றுச் சிறுகதிர்கள் நிற்கும். ஆக உங்களுக்கு இந்தப் பக்கம் உறைபனி, அந்தப் பக்கம் வெயில். நடுவில் இருக்கும் சில வாரங்களில் பூப்பு நடந்து முடிய வேண்டும். என் கணக்கில் பிப்ரவரி முதல் பாதி. நவம்பர் நடுவில் விதைத்து, 80 முதல் 90 நாளில் கதிர் தள்ளும் ரகங்கள் இந்த இடைவெளியில் வந்து சரியாக உட்காரும்.

பார்லி நீண்ட பகலில் விரைந்து பூக்கும் பயிர். ஐரோப்பாவில் பகல் 16 மணி நேரம் நீளும் கோடையில் வளர்வதற்காகப் பெருக்கிய ரகத்தைக் கொண்டுவந்து, பகல் பத்தரை மணி நேரம்கூட இல்லாத ராஜஸ்தான் டிசம்பரில் போட்டால் அது பூப்பதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும், மார்ச் வெயிலில் மாட்டிக்கொள்ளும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்வீடனில் ஊடுகதிர் செலுத்திப் பெற்ற மாற்றத்திலிருந்து 1960-களில் 'மாரி' என்ற ரகம் புழக்கத்துக்கு வந்தது. பகலின் நீளத்தை உணரும் உள்கடிகாரம் அதில் பழுதுபட்டிருப்பதால் குறுகிய பகலிலும் தாமதிக்காமல் பூக்கும். இப்படி முந்திப் பூக்கும் மரபணுக்கள் உலகின் சூடான பகுதிப் பார்லிகளுக்குப் பெரிய உதவி. ஆனால் உறைபனி உள்ள ஊரில் அதிக முந்தலும் ஆபத்து என்பதை மறக்க வேண்டாம். அதனால் "எத்தனை குவிண்டால்" என்று கேட்பதற்கு முன் "கதிர் வர எத்தனை நாள்" என்று கேளுங்கள்.

இன்னொன்று. கால விதைப்புக்கு என்று வெளியிட்ட ரகத்தைப் பிந்தி விதைக்காதீர்கள். நம் நாட்டில் பிந்திய விதைப்புக்கென்றே தனியாகப் பரிந்துரை உண்டு. டிடபிள்யூஆர்பி 91, டிடபிள்யூஆர்பி 73 இரண்டும் இரண்டு வரிசை. டிடபிள்யூஆர்யூபி 64 ஆறு வரிசை. டிசம்பருக்குத் தள்ளிப்போன வயலுக்கு இவற்றைப் பாருங்கள்.

வேர்நோய்_அல்லி

பயிர்ப்பெருக்கன் ஐயா தேதியைப் பற்றி எழுதியதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீக்கர் என்ற பெயரைப் பார்த்ததுமே எனக்கு வேறு ஒன்றுதான் மனதில் வந்தது.

செந்தில், உங்கள் ஊர் மணலில் மோல்யா இருக்கிறதா என்று பார்த்தீர்களா? தானியக் கூட்டு நூற்புழுவால் வரும் நோய். இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானதே 1958-ல், உங்கள் சீக்கர் மாவட்டத்தில்தான். லேசான மணல் மண் அதற்குப் பிடித்த இடம். வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாகி மஞ்சளிக்கும், தூர் கட்டாது. உழவர்கள் யூரியா போதவில்லை என்று நினைத்து மேலும் போடுவார்கள். ஜனவரி கடைசி, பிப்ரவரியில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். வேர் கொத்துக் கொத்தாகப் புதர்போல் இருக்கும். அதில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளை முத்துகள் ஒட்டியிருக்கும். அவைதான் பெண் புழுக்கள். பிறகு பழுப்பாகிக் கூடாக மண்ணில் உதிரும், உள்ளே முட்டைகள் பல வருஷம் உயிரோடு கிடக்கும்.

இதைச் சூட்டோடு சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேர் கெட்ட பயிர், மார்ச் வெயிலில் தண்ணீரை மேலே இழுக்க முடியாமல் மற்றவற்றுக்கு முன்பே காய்ந்துவிடும். பார்க்கிறவர்கள் "வெயில் அடித்துவிட்டது" என்பார்கள். பாதிக் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கும்.

ஜெய்ப்பூர் துர்காபுராவில் உருவான ஆர்டி 2035, ஆர்டி 2052 இரண்டும் இந்த நூற்புழுவுக்கு எதிர்ப்புள்ளவை. புதுசு இல்லை என்று ஒதுக்க வேண்டாம். மோல்யா உள்ள வயலில், நோயில்லாத நிலையத்துப் பரிசோதனையில் முதலாவதாக வந்த ரகம்கூட இவற்றோடு போட்டி போட முடியாது. கூடவே ஒரு பருவம் கடுகு அல்லது கொண்டைக்கடலை போட்டுச் சுழற்றுங்கள். மே, ஜூன் வெயிலில் ஆழ உழுது மண்ணைப் புரட்டிக் காயவிடுங்கள். வருஷத்துக்கு ஒரே தலைமுறைதான் அந்தப் புழுவுக்கு, ஆகவே ஒரு வருஷம் பட்டினி போட்டாலே எண்ணிக்கை நன்றாகக் குறையும்.

கதிர்மணி

ஹரியானாவில் ரேவாடி, மகேந்திரகர் பக்கம் மால்ட் பார்லி (பீர் போன்ற பானங்களுக்காக முளைகட்டி உலர்த்தும் பார்லி) ஒப்பந்தச் சாகுபடியில் களப்பணியாளன் நான். வாங்குகிறவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

ரகம் தேர்வு செய்யும்போதே யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று தெரிய வேண்டும் அண்ணா. மால்ட் ஆலை கேட்பது குண்டு மணி. 2.5 மில்லிமீட்டர் சல்லடையில் மேலே நிற்க வேண்டும். புரதம் 9 முதல் 11 சதவீதத்துக்குள். முளைப்பு நூற்றுக்கு நூறு பக்கம். இரண்டு வரிசை ரகங்களில் மணி எல்லாம் ஒரே அளவாக வரும், அதனால் அவர்களுக்கு அது விருப்பம். டிடபிள்யூஆர்யூபி 52, டிடபிள்யூஆர்பி 92, டிடபிள்யூஆர்பி 101, டிடபிள்யூஆர்பி 123, துர்காபுராவின் ஆர்டி 2849 எல்லாம் இந்த வகை. ஆறு வரிசையில் நடு மணி பெரிசாக, பக்க மணிகள் கொஞ்சம் கோணலாகச் சிறுத்து இருக்கும்.

வெயில் வந்தால் மாவுப்பொருள்தான் குறைகிறது, புரதம் ஏற்கனவே மணிக்குள் போய்விட்டிருக்கும். ஆக புரத விகிதம் ஏறும், குண்டு மணி குறையும். இரண்டு அளவுகோலிலும் சரக்கு ஒரே நேரத்தில் தோற்கும். ஆலை திருப்பிவிட்டால் அது தீவனமாகத்தான் போகும். தீவன விலைக்கு இரண்டு வரிசையை விற்றால், ஆறு வரிசை போட்டிருக்கலாமே என்று உழவர் கேட்பார், அந்தக் கேள்வி நியாயம்.

அதனால் என் கருத்து: நவம்பர் 10 முதல் 25-க்குள் விதைக்க முடிகிற, நல்ல தண்ணீர் உள்ள வயலுக்கு மட்டும் மால்ட் ரகம். தழைச்சத்தில் பாதி அடியுரமாக, பாதி முதல் தண்ணீரோடு, 30–35 நாளில். அதற்குப் பிறகு யூரியாவைத் தொடக் கூடாது, பிந்திப் போடும் யூரியா நேரே புரதமாகப் போய் மணியில் சேரும். ஜனவரி கடைசியிலிருந்து அசுவினி வருகிறதா என்று கதிரையும் அதை ஒட்டி மேலே நிற்கும் கடைசி இலையையும் பாருங்கள். மற்ற வயலுக்கெல்லாம் ஆறு வரிசைத் தீவன ரகம். அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26 விற்பனைப் பருவத்துக்கு குவிண்டாலுக்கு 1,980 ரூபாயாக இருந்தது, ஆனால் பார்லிக்கு அரசுக் கொள்முதல் பெரிதாக நடப்பதில்லை. மண்டியை நம்பித்தான் கணக்குப் போட வேண்டும்.

நிலா_ரபாத்

மொரோக்கோவிலிருந்து எழுதுகிறேன், இங்கே வறண்ட நிலப் பயிர்களில் ஆய்வு செய்கிறேன். வேலு அவர்களின் "சராசரியில் முதலில் நிற்பது" என்ற கருத்தைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை.

சிரியாவில் அலெப்போவுக்குப் பக்கத்தில் டெல் ஹத்யாவில் இகார்டா என்ற வறண்ட நில வேளாண்மைக்கான சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம் 1977 முதல் பார்லி ஆராய்ச்சி நடத்தியது. போர் வந்த பிறகு அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. அங்கே பணியாற்றிய சல்வதோரே செக்கரெல்லி, ஸ்டெஃபானியா கிராண்டோ இருவரும் பல வருஷ வேலையில் காட்டியது இதுதான்: உரமும் தண்ணீரும் தாராளமாக உள்ள நிலையத்தில் முன்னால் நிற்கும் வரிசைகள், வறண்ட வயலில் பின்னால் போகின்றன. நிலையத்தில் பின்தங்கியவற்றில் சில, வறட்சியில் மேலே வருகின்றன. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் யாருக்கும் பொருந்தாத ஒன்று கிடைக்கும். அதனால் அவர்கள் தேர்வையே உழவர் வயலுக்குக் கொண்டுபோய், மதிப்பெண் போடும் வேலையை உழவர்களிடமே கொடுத்தார்கள்.

உழவர்கள் வேறு விஷயங்களைப் பார்த்தார்கள். வறண்ட வருஷத்தில் பயிர் எவ்வளவு உயரம் நிற்கும், அறுக்க முடியுமா, வைக்கோல் ஆடு தின்னும் அளவுக்கு மிருதுவா. சிரியாவின் வறண்ட பகுதிகளில் கருப்பு மணி உள்ள அரபி அஸ்வத் என்ற நாட்டு ரகத்தையும், கொஞ்சம் மழை உள்ள பகுதிகளில் வெள்ளை மணி அரபி அபியத்தையும் அவர்கள் தலைமுறைகளாக வைத்திருந்தது அந்த அறிவால்தான். எனக்கு அந்த வேலையின் மேல் மிகுந்த மதிப்பு உண்டு.

செந்தில், உங்கள் உழவர்களுக்கும் தூடி, அதாவது தீவனத்துக்கான வைக்கோல், முக்கியம் இல்லையா? ஆடும் எருமையும் உள்ள வீட்டில் மணி விளைச்சலை மட்டும் பார்த்து ரகம் சொன்னால் அவர்கள் அடுத்த வருஷம் போட மாட்டார்கள்.

வேலு_தரவு

நிலா அவர்களே, நிலையத்துச் சராசரி வறண்ட வயலுக்குப் பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து "வயலில் பார்த்தால் போதும்" என்ற முடிவுக்குப் போகக் கூடாது. ஒரு வயலில் ஒரு வருஷம் பார்த்தது ரகத்தின் குணமா, அந்த வயல் மூலையில் எரு அதிகமாக விழுந்ததா என்று சொல்லவே முடியாது. மார்ச் குளுமையாக இருந்த வருஷத்தில் பிந்திய ரகம் முதலாவதாக வரும். அதை நம்பி எல்லாரும் அதையே போட்டால் அடுத்த வருஷம் வெயில் அடித்துக் கொண்டுபோகும்.

என் யோசனை: ஒரே கிராமத்தில் இல்லாமல் நாலைந்து கிராமங்களில், ஒவ்வொன்றிலும் எல்லா ரகங்களும் பக்கத்துப் பக்கத்தில் பட்டைகளாக இருக்க வேண்டும். உழவர் இப்போது போடுகிற ரகம் கட்டாயம் ஒரு பட்டையில். வரிசையை வயலுக்கு வயல் மாற்றிப் போடுங்கள். முடிந்தால் ஒரே தொகுப்பை நவம்பர் 15 வாக்கிலும் டிசம்பர் 10 வாக்கிலும் இரண்டு தடவை விதையுங்கள். பிந்திய விதைப்பில் மணி நிறையும் காலம் வெயிலுக்குள் தள்ளப்படும். சூடான வருஷத்துக்காகக் காத்திருக்காமல் அதே பருவத்திலேயே தாங்குதிறனைப் பார்த்துவிடலாம். இரண்டு விதைப்புக்கும் இடையில் ஆயிரம் மணி எடை எந்த ரகத்தில் குறைவாகச் சரிகிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பால்பண்ணை_முருகு

ஐயா வணக்கம். நான் தர்மபுரி மாவட்டம், பத்துப் பதினைந்து மாடு வச்சிருக்கேன். படிச்சிட்டே வந்தேன், ஒரு சந்தேகம். சூட்டைத் தாங்குற ரகம்னு சொல்றீங்களே, அதை நம்ம ஊர்ல போட முடியுமா? மாட்டுத் தீவனத்துக்கு மணியா எடுக்கணும்னு ஆசை.

பயிர்ப்பெருக்கன்

முருகு தம்பி, மணிக்காக வேண்டாம். ராஜஸ்தான் சூடான பகுதி என்று சொல்வது அதன் மார்ச் மாதத்துக்காக. அங்கே டிசம்பர், ஜனவரி இரவுகள் கடும் குளிர். அந்தக் குளிரில்தான் பயிர் நிதானமாகத் தூர் கட்டுகிறது. தர்மபுரிச் சமவெளியில் அந்தக் குளிர் கிடைக்காது. பயிர் அவசரமாக மேலே எழும்பி, இரண்டொரு தூரோடு சின்னக் கதிர் தள்ளிவிடும். நீலகிரியில் ஒரு காலத்தில் பார்லி விளைந்தது, அது உயரத்தின் கொடை. உங்களுக்குக் கம்பு நேப்பியர் புல்லும், கோஎஃப்எஸ் 29 அல்லது கோஎஃப்எஸ் 31 தீவனச் சோளமும் இதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

வேலு சொன்ன இரண்டு விதைப்பு முறை அருமை. அதைக் கட்டாயம் செய்யுங்கள் செந்தில். பட்டையில் பாதித் தூர்களில் மீசை வெளியே தெரியும் நாளைக் கதிர் வந்த நாளாக எழுதி வையுங்கள்.

செந்தில்_சீக்கர்

எல்லாருக்கும் நன்றி. அல்லி அக்கா சொன்ன பிறகு உழவர்களிடம் விசாரித்தேன். "மோல்யா" என்ற பெயர் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. கிழக்குப் பக்கக் கிராமங்களில் எந்த வயல் என்று கை நீட்டிக் காட்டுகிறார்கள். தூடி பற்றிக் கேட்டதும் பெண்கள்தான் அதிகம் பேசினார்கள், மிருதுவாக இல்லாத தூடியை எருமை ஒதுக்குகிறது என்று.

இப்போதைக்கு என் திட்டம்: மோல்யா வயல்களுக்கு ஆர்டி 2035. நல்ல தண்ணீர் உள்ள, கால விதைப்புச் செய்யக்கூடிய சிலருக்கு மட்டும் டிடபிள்யூஆர்பி 123, அதுவும் வாங்குகிற ஆள் எழுதிக் கொடுத்த பிறகு. மற்றவர்களுக்கு பிஎச் 946. உப்புத் தண்ணீர் உள்ள கிணறுகளுக்கு ஆர்டி 2794 உவர் நிலத்துக்கு என்று படித்தேன், அது சரியா? பரிசோதனைப் பட்டைகளில் இவை எல்லாவற்றோடும் டிடபிள்யூஆர்யூபி 64-ஐயும் சேர்க்கிறேன்.

வேர்நோய்_அல்லி

ஆர்டி 2794 சரியான தேர்வு. ஆனால் ஓர் எச்சரிக்கை. பார்லி மண்சாற்றின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவுகோல்) மீட்டருக்கு 8 டெசிசீமன்ஸ் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும், கோதுமைக்கு அது 6. இது வளர்ந்த பயிருக்குச் சொல்வது. முளைக்கும்போதும் நாற்றுப் பருவத்திலும் பார்லிக்குப் பாதியளவு தாங்குதிறன்தான். ஆக விதைப்புக்கு முந்தைய தண்ணீரை மட்டுமாவது நல்ல கிணற்றிலிருந்து கொடுக்கச் சொல்லுங்கள். விதைப்புக்கு முன்னாலேயே எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்துவிடுவது நல்லது.

கதிர்மணி

செந்தில் அண்ணா, விதைக்கு இப்போதே சொல்லி வையுங்கள். அக்டோபர் கடைசியில் போனால் சான்று விதை கிடைக்காது, கிடைக்கிற மூட்டையில் என்ன ரகம் என்றும் தெரியாது. ஹெக்டேருக்கு 100 கிலோ, அதாவது உங்கள் ஊர்க் கணக்கில் பீகாவுக்கு 25 கிலோ. டிசம்பர் பட்டைக்கு அதைவிடக் கால் பங்கு கூட்டி, வரிசை இடைவெளியை 23-லிருந்து 18 சென்டிமீட்டராகக் குறையுங்கள், பிந்தியதில் தூர் குறைவாகத்தான் கட்டும். கதிரைக் கரும்பொடியாக்கும் கரிப்பூட்டை நோய் வராமலிருக்க கார்பாக்சின் பூஞ்சணக்கொல்லியால் விதை நேர்த்தி விட்டுவிடாதீர்கள். பார்லி தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், ஒரு தடவை நல்ல விதை வாங்கிவிட்டால் கலப்பில்லாமல் அறுத்து மூன்று வருஷம் வரை சொந்த விதையே போடலாம். சல்லடை வேண்டுமென்றால் பிப்ரவரியில் சொல்லுங்கள், நான் ரேவாடியிலிருந்து அனுப்பி வைக்கிறேன்.